மாய உலகில் மனை வாங்கலாமா?

2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகள் நீங்காத காலம். உற்றார் உறவினர் அனைவரையும் அழைத்து வரவேற்பு நடத்த வழியில்லை. மணமக்கள் புதுமையான ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு மாய மண்டபத்தை எழுப்பி, வரவேற்பை அங்கே வைத்துக்கொண்டார்கள். விருந்தினர்கள் அவரவர் ஊரில் இருந்தபடியே, ஆளுக்கொரு உருவம் தரித்து, இன்டர்நெட் வழியாக அந்த மண்டபத்துக்குள் நுழைந்து வாழ்த்தினார்கள். மணமகளின் தந்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டவர். அவருடைய உருவத்தையும் அங்கே நிற்க வைத்திருந்தார்கள்.

செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. "கலி முற்றிவிட்டது" என்றவர்களும் உண்டு. ஆனால் லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்தைத் தவறவிட்டவர், பண்டிகைக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியவர், பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர் ஆகியோர் நம்மிடையே அநேகம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பீனியாவிலும் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை இருக்கும். அவர்களுக்கு அது சிரிக்கும் விஷயமாகத் தோன்றியிராது. உடல் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலுமாக வாழ்வது நமக்குப் புதிதல்ல.

ஆகவே இந்த மாய உலகங்களை "பொழுது போகாதவர்களின் விளையாட்டு" என்று ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. அதே சமயம் இவற்றின் பெயரால் நடக்கும் வியாபாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் தயாரில்லை. இவற்றில் எது உண்மையான பயன், எது வெறும் ஆசை காட்டல் என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிவிட்டது. ஏனென்றால் ஆசை காட்டுகிறவர்கள் தேடிவருவது மாதச் சம்பளக்காரரின் சேமிப்பையும், அவர் பிள்ளைகள் படிக்க வேண்டிய நேரத்தையும்தான்.

கலைச்சொல்லாக இவற்றை "மெய்நிகர் உலகங்கள்" என்கிறார்கள். இன்டர்நெட் வழியாகப் பலர் ஒரே சமயத்தில் நுழைந்து, நடந்து, பேசி, ஆடி, பொருள் வாங்கி விற்கக்கூடிய இடம் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். இது நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் லூகாஸ்பிலிம் கம்பெனி 1986லேயே "ஹாபிடாட்" என்ற பெயரில் இத்தகைய உலகம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. அதில் திரையில் நடமாடிய உருவத்துக்கு "அவதார்" என்று பெயர் சூட்டினார்கள். நம்முடைய அவதாரம் என்ற சொல்தான் அது. "மெட்டாவெர்ஸ்" என்ற சொல்லை 1992ல் தம் நாவலில் அறிமுகப்படுத்தியவர் நீல் ஸ்டீபன்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர். 2003ல் சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் கம்பெனி "செகண்ட் லைப்" என்ற உலகைத் திறந்தது. 2006ல் குழந்தைகள் இன்று பைத்தியமாக இருக்கும் "ரோப்லாக்ஸ்" வந்தது. இரண்டும் இன்றும் நடந்துவருகின்றன.

முதலில் பொழுதுபோக்கை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில், உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, "போர்ட்நைட்" என்ற விளையாட்டு உலகில் டிராவிஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பாடகர் கச்சேரி செய்தார். ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் அதில் கூடியிருந்தார்கள் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. இத்தனை பேருக்கு இடம் கொடுக்கும் மைதானம் பூமியில் எங்கும் கிடையாது. படுக்கையில் கிடப்பவர், கால் நடக்க முடியாதவர், ஊர்விட்டு ஊர் வந்து துணையின்றி இருப்பவர் ஆகியோருக்கு இத்தகைய கூட்டம் ஒரு பெரிய ஆறுதல். சினிமா வந்தபோதும், வீட்டுக்குள் டெலிவிஷன் வந்தபோதும் "குடும்பம் கெட்டது" என்று பெரியவர்கள் சொல்லாமல் இல்லை. இரண்டும் நம்மோடு இருக்கத்தான் இருக்கின்றன. அளவோடு அனுபவித்தவர்கள் யாரும் அவற்றால் கெட்டுப்போய்விடவில்லை.

அடுத்தது தொழில். இதிலும் உண்மையான பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஐ.பி.எம். கம்பெனி 2008ல் தன் தொழில்நுட்ப வல்லுநர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோரின் மாநாட்டை செகண்ட் லைப் உலகிலேயே நடத்தியது. விமானச் செலவு மிச்சம். ஓட்டல் செலவு மிச்சம். அமெரிக்காவின் பெரிய கடைத் தொழில் நிறுவனமான வால்மார்ட், 2018ல் தலையில் மாட்டிக்கொள்ளும் 17,000 மாயக் கண்ணாடிகளைத் தன் கடைகளுக்கு அனுப்பி ஊழியர்களுக்குப் பயிற்சி தர முன்வந்தது. விமானிகள் நிஜ விமானத்தில் ஏறுமுன் பொய் விமானத்தில் பழகுவது வெகு காலமாக இருந்துவரும் வழக்கம். இப்போது வெல்டிங் பழகவும், கிரேன் இயக்கவும் அதே முறை வந்திருக்கிறது. கம்பி வீணாகாது, கை சுடாது, எத்தனை முறை தவறினாலும் யாருக்கும் காயமில்லை. தொழிலாளிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு எது?

மாய உலகில் பொருள் செய்து விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். சீனாவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய ஒரு பெண்மணி, செகண்ட் லைப் உலகில் "அன்ஷி சங்" என்ற பெயரில் உலவியவர், சொற்ப முதலோடு தொடங்கி நிலம் வாங்கித் திருத்திக் குத்தகைக்கு விட்டார். 2006ல் அமெரிக்க வர்த்தகப் பத்திரிகை ஒன்றின் அட்டையில் அவருடைய மாய உருவம் இடம் பெற்றது. அதே ஆண்டில், தம் சொத்து மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். இந்தக் கதையைத்தான் மாய மனை விற்பவர்கள் எல்லோரும் இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதையின் பாதியை அவர்கள் சொல்வதில்லை. அந்த அம்மையார் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறும் என்று சும்மா இருந்தவரல்லர். சீனாவின் வூஹான் நகரில் ஆபீஸ் வைத்து, ஆட்களை அமர்த்தி, தெருவும் வீடும் தோட்டமுமாக அமைத்து வாடகைக்கு விட்டவர். அவர் விற்றது உழைப்பையும் ரசனையையும். நிலம் அதற்கு ஒரு சாக்கு.

உழைக்காமல் வட்டி தின்ன நினைத்தவர்களுக்கு அதே உலகில் என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். செகண்ட் லைப் உலகில் "ஜிங்கோ" என்ற பெயரில் ஒரு பாங்க் இயங்கியது. ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் வட்டி தருவதாகச் சொன்னது. 2007 ஜூலையில் அந்த உலகில் சூதாட்டம் தடை செய்யப்பட்டதும், பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஆகஸ்டில் பாங்க் கவிழ்ந்தது. மாயப் பணத்தில் மட்டுமல்ல, நிஜ டாலர் கணக்கிலேயே சுமார் ஏழரை லட்சம் போயிற்று. அதன் பிறகு 2008 ஜனவரியில், நிஜ உலகில் லைசென்ஸ் பெறாத எவரும் அங்கே பாங்க் நடத்தக் கூடாது என்று லிண்டன் லேப் உத்தரவிட்டது. சீட்டுக் கம்பெனிகளையும் பைனான்ஸ் கம்பெனிகளையும் பார்த்துப் பார்த்துச் சலித்த நமக்கு இந்தக் கதை புதிதா?

நிலத்தின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் 2006ல் அந்த உலகில் குறைந்த விலைக்கு ஒரு மனை வாங்கினார். முறையற்ற வழியில் வாங்கினார் என்று சொல்லி, கம்பெனி அவருடைய கணக்கையே முடக்கிவிட்டது. வாங்கி வைத்திருந்த மற்ற சொத்துக்களும் அதோடு போயின. அவர் வக்கீல், கோர்ட்டுக்குப் போனார். கம்பெனியின் ஒப்பந்த நிபந்தனைகள் ஒருதலைப்பட்சமாக இருப்பதாக 2007ல் அந்த நாட்டுக் கோர்ட் கருதியது. பிறகு இரு தரப்பும் சமாதானமாகப் போயின. சட்டம் தெரிந்தவருக்கே இந்தப் பாடு. "சம்மதம்" என்ற பொத்தானை ஒரு வரிகூடப் படிக்காமல் அழுத்தும் நம்மைப் போன்றவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

2021ஆம் ஆண்டில் இந்த ஆசை உச்சிக்குப் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் பேஸ்புக் கம்பெனி தன் பெயரையே "மெட்டா" என்று மாற்றிக்கொண்டது. அடுத்த மாதம் "டிசென்ட்ராலேண்ட்" என்ற உலகில் மாய மனைத் தொகுதி ஒன்று சுமார் 24 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அந்த உலகின் நாணயமான மானா அப்போது ஐந்து டாலருக்கு மேல் விற்றது. ஓராண்டு கழித்து அது அரை டாலர்கூடப் பெறவில்லை. மெட்டா கம்பெனியில் இந்த உலகங்களையும் அவற்றுக்கான கருவிகளையும் செய்யும் பிரிவு 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் கண்ட நஷ்டம் மட்டும் சுமார் 4,700 கோடி டாலர். அந்தக் கம்பெனிக்குத் தாங்கும் சக்தி இருந்தது, தாங்கிக்கொண்டது. பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்து மனை வாங்கியவர் எப்படித் தாங்குவார்?

இதில் மிகவும் வருந்தத்தக்கது பிலிப்பைன்ஸ் நாட்டு ஏழைகளின் கதை. வியட்நாம் கம்பெனி ஒன்றின் "ஆக்ஸி இன்பினிடி" என்ற விளையாட்டு உலகில் மாயப் பிராணிகளை வளர்த்துச் சண்டையிட வைத்தால் மாயக் காசு கிடைக்கும். அதை நிஜப் பணமாக மாற்றலாம். கொரோனாவில் வேலை இழந்த அந்நாட்டு மக்கள் பலர் 2021ல் இதையே பிழைப்பாகக் கொண்டார்கள். பிராணி வாங்க முதல் இல்லாதவர்களுக்கு, முதல் உள்ளவர்கள் இரவல் கொடுத்துச் சம்பாத்தியத்தில் பங்கு வாங்கினார்கள். நம் ஊரில் மாட்டை வாரத்துக்கு வளர்க்கக் கொடுப்பது போலத்தான். 2021 ஜூலையில் சுமார் 40 சென்ட் விலை போன அந்தக் காசு, அடுத்த ஆண்டு நடுவில் ஒரு சென்ட்கூடப் பெறவில்லை. 2022 மார்ச்சில் கம்ப்யூட்டர் கொள்ளையர்கள் அதன் பெட்டகத்தை உடைத்து 60 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோனார்கள். வட கொரியக் கொள்ளைக் கூட்டத்தின் வேலை இது என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. அறிவித்தது. வாரத்துக்கு வாங்கிய மாடு செத்தால் தோலாவது மிஞ்சும். இங்கே அதுவும் மிஞ்சவில்லை.

இவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. நிலத்துக்கு ஏன் விலை ஏறுகிறது? நிலத்தைப் புதிதாக உண்டாக்க முடியாது. ரோட்டுக்கும் ரயிலடிக்கும் பக்கத்தில் இருக்கும் நிலம் இன்னும் குறைவு. "அன்றைக்கே ஒயிட்பீல்டில் ஒரு சைட் வாங்கிப் போட்டிருந்தால்" என்று பெருமூச்சு விடாத பெங்களூர்த் தமிழர் கிடையாது. அந்தப் பெருமூச்சைத்தான் மாய மனை வியாபாரிகள் காசாக்கப் பார்க்கிறார்கள். ஆனால் மாய உலகில் பொத்தானை அழுத்தினால் புதிய நிலம் பிறக்கும். ஓர் உலகில் இத்தனை மனைதான் என்று வரம்பு கட்டினாலும், பக்கத்தில் இன்னோர் உலகைப் படைப்பதற்கு யார் தடை? நினைத்த மாத்திரத்தில் எங்கும் போய் நிற்க முடிகிற இடத்தில், பஸ் நிலையத்துக்கு அருகே என்ற சிறப்புக்கு என்ன அர்த்தம்? தட்டுப்பாடு இல்லாத பொருளுக்குத் தட்டுப்பாட்டு விலை கொடுப்பது அறிவீனம்.

போதாக்குறைக்கு, உலகமே ஒரு நாள் மறைந்துபோகும். கூகுள் கம்பெனி 2008 ஜூலையில் "லைவ்லி" என்ற உலகைத் திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மூடிவிட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் "ஆல்ட்ஸ்பேஸ்" 2023 மார்ச்சில் மூடப்பட்டது. டிஸ்னி கம்பெனி அதே மாதத்தில் இதற்கென அமைத்த பிரிவைக் கலைத்தது. உலகப் பெரும் பணக்காரக் கம்பெனிகளின் படைப்புக்களே இப்படி அற்பாயுளில் போகின்றன. அங்கே பழகிய நண்பர்களின் நட்பு மிஞ்சியிருக்கும். கற்ற வித்தை மிஞ்சியிருக்கும். வாங்கிய மனை மிஞ்சாது. இந்த உலகங்களின் மதிப்பு அங்கே கூடும் மனிதர்களிலும், கைக்கு வரும் தொழிலிலும் இருக்கிறது. அங்கே விற்கப்படும் மண்ணில் இல்லை என்பதே நம் முடிவான அபிப்பிராயம்.

நம் நாட்டுச் சட்டத்தையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. மாயக் காசு போன்ற சொத்துக்களை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு. ஒன்றில் ஏற்பட்ட நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. லாபம் வந்தால் சர்க்காருக்குப் பங்கு. நஷ்டம் வந்தால் முழுவதும் நமக்கே. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இன்டர்நெட் விளையாட்டுக்களைத் தடை செய்கிறது. திறமையின் பெயரால் நடந்தாலும் சரி, அதிர்ஷ்டத்தின் பெயரால் நடந்தாலும் சரி, நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை. ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். அதே சட்டம் பணப் பந்தயமில்லாத விளையாட்டுக்களையும் போட்டிகளையும் ஆதரிக்கிறது. விளையாட்டு வேறு, சூது வேறு என்ற இந்தப் பாகுபாடு வரவேற்கத்தக்கது.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோருக்கு இரட்டைக் கவனம் வேண்டும். ரோப்லாக்ஸ் உலகில் விளையாட்டை உருவாக்குகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி 2024ல் மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. இது மெய்தான். ஆனால் 30,000 ரோபக்ஸ் நாணயம் சம்பாதித்த பிறகுதான் அதைப் பணமாக மாற்ற முடியும். அப்படி மாற்றும்போது கிடைப்பது, அதே நாணயத்தை நாம் வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே "விளையாடியே சம்பாதிக்கிறேன்" என்று பையன் சொன்னால், வாங்குகிறானா விற்கிறானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளிடம் முன்பின் தெரியாதவர்கள் தவறாகப் பழகும் அபாயமும் அங்கே உண்டு. குழந்தைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி துருக்கி நாடு 2024 ஆகஸ்டில் ரோப்லாக்ஸைத் தடை செய்தது. நம் வீட்டில் தடை வேண்டாம். ஆனால் பையன் யாரோடு பேசுகிறான் என்பது அப்பனுக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூடத்தில் எல்லோரும் பார்க்க விளையாடட்டும். கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம்.

அவனுக்கு ஆர்வம் இருந்தால், விளையாடுகிறவனை உருவாக்குகிறவனாக மாற்றலாம். "பிளெண்டர்" என்ற உருவம் அமைக்கும் சாதனம் 2002 முதல் பொதுச் சொத்தாக இலவசமாகக் கிடைக்கிறது. ரோப்லாக்ஸ் விளையாட்டு செய்யும் சாதனத்துக்கும் காசு கிடையாது. தேவை ஒரு கம்ப்யூட்டரும் பொறுமையும்தான். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் கட்டட வரைபடத்துக்கும் தொழிற்சாலைக்கும் உதவும் வித்தை இது. இந்த உலகம் மூடினாலும், கற்ற கை வேறு உலகில் பிழைத்துக்கொள்ளும். லேத் பட்டறையில் கற்ற தொழில் எந்த ஊர்ப் பட்டறையிலும் சோறு போடுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

அரசுகளுக்கும் சில கடமைகள் உண்டு. வெல்டிங், கிரேன் போன்ற தொழில்களுக்கு மாயப் பயிற்சிக் கருவிகளைத் தனியார் கம்பெனிகளின் உள்ளே மட்டும் இருக்க விடாமல், ஐ.டி.ஐ.களிலும் வைக்க வேண்டும். மாய உலகை மூடும் கம்பெனி போதிய முன்னறிவிப்புத் தர வேண்டும். செலவிடாமல் மீந்திருக்கும் நாணயத்தைப் பணமாகத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகளைச் சாதாரண மனிதருக்கு விளங்கும் இந்திய மொழிகளில் தர வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு என்பது கடைத்தெருவோடு நின்றுவிடக் கூடாது. கடை எங்கே போனாலும் அது கூடவே போக வேண்டும்.

நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது சில வார்த்தைகள்தான். மாய உலகில் விளையாடுங்கள், பாட்டுக் கேளுங்கள், ஊர் உறவுகளோடு கூடிப் பேசுங்கள். தொழில் பழக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அங்கே உங்கள் உழைப்பை விற்றால் கூலியை அவ்வப்போது நிஜப் பணமாக மாற்றி உங்கள் பாங்க் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். மனை, நாணயம், அதிக வட்டி என்று யார் வந்தாலும், சேமிப்புப் புத்தகத்தைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் கொடுங்கள். தாமதம் கொள்ளைக்காரனுக்கே லாபம்.

அந்தக் கிருஷ்ணகிரித் திருமணத்துக்குத் திரும்புவோம். மாய மண்டபத்தில் வரவேற்பு நடந்தது. ஆனால் தாலி கட்டியது கிராமத்தில், நெருங்கிய உறவினர் பார்த்திருக்க. வர முடியாதவர்கள் வந்து நிற்க ஓர் இடமாக மாய உலகம் உதவியது. அதற்கு அதுவே போதும். லீவு கிடைக்காத நாளில் அதுவும் நமக்குக் கைகொடுக்கட்டும். சைட் வாங்குவதாக இருந்தால் மட்டும், நான்கு பக்கமும் கல் நட்டு, பத்திர ஆபீசில் கையெழுத்திட்டு வாங்கும் இடமாகப் பார்த்து வாங்குவோம்.